பழைய நிகழ்பட ஆட்டங்களும் சேகரிப்பாளர்கள் தரும் விலையும்

பழைய நிகழ்பட ஆட்டங்களைச் (வீடியோ கேம்) சேகரிப்பது, தபால்தலை, நாணயம், படக்கதை இதழ் ஆகியவற்றைச் சேகரிப்பதைப் போன்ற ஒரு பொழுதுபோக்காகும். 1970களின் இறுதி முதல் 2000களின் தொடக்கம் வரை வெளியான ஆட்டங்களின் கேட்ரிட்ஜ், குறுந்தகடு, அட்டைப்பெட்டி, கையேடு முதலியவை இதில் வாங்கி விற்கப்படுகின்றன. இவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலையில் உள்ள ஏற்றத்தாழ்வு வியப்புக்குரியது. 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' என்ற ஆட்டத்தின் ஒரு பிரதியை இருபது டாலருக்கும் குறைவாக வாங்கலாம். அதே ஆட்டத்தின் மற்றொரு பிரதி 2021இல் இருபது இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. இரண்டையும் கருவியில் செருகினால் திரையில் தோன்றுவது ஒரே ஆட்டம்தான். அப்படியானால் வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார் என்ற கேள்வி எழுகிறது. இதற்கு ஒரே விடை இல்லை. விளையாட வாங்குபவர், வரிசையை நிறைவு செய்ய வாங்குபவர், முதலீடாக வாங்குபவர் என்று மூவகையினர் ஒரே சந்தையில் நிற்கின்றனர். இவர்களின் விலைகளைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் கணக்கு விளங்கும்.

கேட்ரிட்ஜும் மூன்று நிலைகளும்

1980களிலும் 1990களிலும் பெரும்பாலான வீட்டு ஆட்டக் கருவிகளுக்கு ஆட்டங்கள் கேட்ரிட்ஜ் வடிவில் வந்தன. நெகிழிக் கூட்டுக்குள் நினைவகச் சில்லு பொருத்திய சுற்றுப்பலகை இருக்கும். அதைக் கருவியில் செருகித் தொலைக்காட்சியில் விளையாட வேண்டும். தமிழ்நாட்டில் இதே வடிவில் விற்ற 'டி.வி. கேம்' கருவிகளின் கேட்ரிட்ஜைச் சிறுவர்கள் 'கேசட்' என்றே அழைத்தனர். அவற்றில் பெரும்பாலானவை ஜப்பானிய நிண்டெண்டோ கருவியின் நகல்கள்.

சேகரிப்புச் சந்தையில் ஓர் ஆட்டத்துக்கு மூன்று நிலைகள் உண்டு. பெட்டியும் கையேடும் இல்லாத வெறும் கேட்ரிட்ஜ் முதல் நிலை. பெட்டி, கையேடு, உள்ளே இருந்த துண்டுத்தாள்கள் அனைத்தும் சேர்ந்த முழுத் தொகுப்பு இரண்டாம் நிலை. தொழிற்சாலையில் சுற்றிய நெகிழி உறை பிரிக்கப்படாமல் இருப்பது மூன்றாம் நிலை. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு விலை சில மடங்கு உயரும். மூன்றாம் நிலைக்குப் போனால் நூறு மடங்கும் ஆகலாம், ஆயிரம் மடங்கும் ஆகலாம்.

இதற்குக் காரணம் எளியது. இவை குழந்தைகளுக்காக வாங்கப்பட்ட பொருள்கள். பிறந்தநாளுக்குப் பொம்மை பெற்ற குழந்தை அதைப் பிரிக்காமல் வைத்திருக்குமா? அட்டைப்பெட்டியைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அன்றே விளையாடத் தொடங்கியிருக்கும். ஆகவே கோடிக்கணக்கில் விற்ற ஆட்டமாக இருந்தாலும், பிரிக்கப்படாத பிரதி மிகச் சிலவே எஞ்சின. பெரும்பாலும் கடைக்காரரின் கிடங்கில் விற்காமல் கிடந்தவையும், பரிசாக வாங்கி மறந்துபோனவையுமே இன்று கிடைக்கின்றன. 2021 ஏப்ரலில் 6,60,000 டாலருக்கு ஏலம் போன சூப்பர் மாரியோ பிரதர்ஸ் பிரதி, 1986இல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கப்பட்டு மேசை இழுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கிடந்ததாகும்.

2021ஆம் ஆண்டின் ஏலங்கள்

சேகரிப்பாளர்கள் எவ்வளவு செலவிடத் துணிவர் என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பெரும்பாலும் 2021ஆம் ஆண்டே சுட்டப்படுகிறது. மேற்கண்ட ஏப்ரல் ஏலத்தை நடத்தியது அமெரிக்காவின் டாலஸ் நகரைச் சேர்ந்த ஹெரிடேஜ் ஏல நிறுவனம். அவ்விலை அன்றைய உச்சம். மூன்று மாதங்களில் அது இருமுறை முறியடிக்கப்பட்டது. 2021 ஜூலை 9 அன்று 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' ஆட்டத்தின் பிரிக்கப்படாத தொடக்காலப் பிரதி ஒன்று 8,70,000 டாலருக்கு விற்றது. இரண்டே நாள் கழித்து, ஜூலை 11 அன்று, 'சூப்பர் மாரியோ 64' பிரதி ஒன்று 15,60,000 டாலருக்குப் போனது. அன்றைய நாணய மாற்று மதிப்பில் இது ஏறத்தாழ 11.6 கோடி ரூபாய்.

இந்தத் தொகைகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். செய்திகளில் வரும் ஏல விலையில், வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தர வேண்டிய கட்டணமும் சேர்ந்திருக்கிறது. இங்கு அது 20 விழுக்காடு. அதாவது சூப்பர் மாரியோ 64க்கு ஏலத்தில் கேட்கப்பட்ட இறுதித் தொகை 13,00,000 டாலர். அதன் மேல் 2,60,000 டாலர் கட்டணம். விற்றவர் கைக்குப் போவது 13 இலட்சத்திலும் அவருக்குரிய கழிவு போக மீதிதான். ஆகவே ஏலச் செய்தியைப் பார்த்துத் தம் வீட்டிலுள்ள பொருளுக்கு விலை போடுபவர் முதல் அடியிலேயே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிவிடுகிறார்.

சூப்பர் மாரியோ 64 அரிய ஆட்டம் அன்று. 1996இல் வெளியான அது ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. வெறும் கேட்ரிட்ஜ் இன்றும் சில பத்து டாலர்களுக்குக் கிடைக்கும். இங்கு விலை ஏறியது நிலைமைக்காக: பெட்டியின் முனை மழுங்காமல், உறை கிழியாமல், நிறம் மங்காமல் இருந்ததற்காக. சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிண்டெண்டோ நிறுவனம் தன் என்.இ.எஸ். கருவியை 1985 இறுதியில் முதலில் நியூயார்க்கில் மட்டும் விற்றுப் பார்த்தது. அந்தத் தொடக்காலப் பெட்டிகளுக்கு நெகிழி உறை கிடையாது. மூடியில் ஒரு சிறு ஒட்டுவில்லை மட்டுமே இருந்தது. அந்த ஒட்டுவில்லை பிரியாத பெட்டி என்றால் சேகரிப்பாளர்களுக்கு முதற்பதிப்பு நூல் கிடைத்த மாதிரி.

தொடக்கத்தில் குறிப்பிட்ட இருபது இலட்சம் டாலர் விற்பனை ஏலத்தில் நடந்ததன்று. ராலி என்ற நிறுவனம் 2020இல் ஒரு பிரதியை 1,40,000 டாலருக்கு வாங்கி, அதன் உடைமையைச் சிறு பங்குகளாகப் பிரித்து மக்களிடம் விற்றது. சிறிது காலத்தில் ஒருவர் 3,00,000 டாலர் தர முன்வந்தபோது பங்குதாரர்கள் மறுத்துவிட்டனர். 2021 ஆகஸ்டில் 20,00,000 டாலர் கேட்பு வந்தபோது ஏற்றுக்கொண்டனர். இந்த இடத்தில் ஆட்டம் முற்றிலும் நிதிப் பத்திரமாக மாறிவிட்டதைக் காணலாம். பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெட்டியைக் கையால் தொட்டிருக்க வாய்ப்பில்லை.

தரமதிப்பீடும் அதன் மீதான சர்ச்சையும்

இரு பெட்டிகளில் எது சிறந்தது என்பதை யார் முடிவு செய்வது? நாணயம், படக்கதை இதழ் ஆகியவற்றுக்கு உள்ளதைப் போலவே ஆட்டங்களுக்கும் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் தொடங்கப்பட்ட வாட்டா கேம்ஸ் அதிகம் பேசப்பட்டது. இந்நிறுவனம் பெட்டியின் நிலைக்கு 10 வரை ஒரு மதிப்பெண்ணும், நெகிழி உறையின் நிலைக்கு ஓர் எழுத்துத் தரமும் அளித்து, பொருளைக் கடினமான ஒளிபுகும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித் தரும். 15.6 இலட்சம் டாலர் பெற்ற பிரதியின் மதிப்பெண் 9.8, உறையின் தரம் 'ஏ' உடன் இரு கூட்டல் குறிகள்.

மதிப்பெண்ணில் 0.2 கூடினால் விலை பன்மடங்காகும் சந்தையில், மதிப்பெண் போடுபவர் நடுநிலையானவர் என்ற நம்பிக்கையே முதல். இந்த நம்பிக்கைதான் கேள்விக்குள்ளானது. 2019 பிப்ரவரியில் ஒட்டுவில்லை பிரியாத சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஒன்று 1,00,150 டாலருக்கு விற்றதாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஆட்டம் ஓர் இலட்சம் டாலரைத் தாண்டிய செய்தி உலகெங்கும் பரவியது. அதைக் கூட்டாக வாங்கிய மூவரில் ஒருவர் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் இணை நிறுவனர் ஆவார். ஏலம் நடத்துவோரும் தரம் குறிப்போரும் இவ்வளவு நெருங்கியிருப்பது விலையைச் செயற்கையாக ஏற்றும் என்று 2021இல் விமர்சகர்கள் குற்றம் சாட்டினர். எந்த ஆட்டத்துக்கு எத்தனை பிரதிகள் எந்தத் தரத்தில் உள்ளன என்ற எண்ணிக்கைப் பட்டியல் அப்போது பொதுவில் இல்லாததும் குறையாகச் சொல்லப்பட்டது. இரு நிறுவனங்களும் குற்றச்சாட்டை மறுத்தன. 2022 மே மாதம் வாட்டா மீது கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் சார்பில் கூட்டு வழக்கு ஒன்றும் தொடுக்கப்பட்டது.

குற்றச்சாட்டு ஒருபுறம் இருக்க, சந்தையே ஒரு பாடம் நடத்தியது. பொதுமுடக்கக் காலத்தில் வீட்டில் அடைந்திருந்தவர்கள் பழைய பொழுதுபோக்குகளைத் தேடியதால் ஏறிய விலைகள், 2021க்குப் பின் பெருமளவு இறங்கின. அதிலும் தரமதிப்பீடு பெற்ற, பிரிக்கப்படாத பெட்டிகளின் சரிவே பெரிது. இவ்வகைப் பொருளுக்கு வாங்குவோர் மிகச் சிலர். இருவர் போட்டியிட்டால் விலை வானத்துக்கு ஏறும். அவ்விருவரில் ஒருவர் விலகினால் அடுத்த ஏலத்தில் கேட்க ஆளிராது. வெறும் கேட்ரிட்ஜ் வாங்குவோர் பல்லாயிரம் பேர் என்பதால் அதன் விலை இவ்வளவு ஆடுவதில்லை.

ஒரே ஆட்டம், இரண்டு பெயர்கள்

அரிய தன்மை விலையை எப்படி நிர்ணயிக்கிறது என்பதற்கு 'ஸ்டேடியம் ஈவண்ட்ஸ்' ஆட்டத்தைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. பண்டாய் நிறுவனம் 1987இல் அமெரிக்காவில் வெளியிட்ட இது ஓர் ஓட்டப்பந்தய ஆட்டம். தரையில் விரிக்கும் பாய் ஒன்றின் மீது ஓடி விளையாட வேண்டும். அந்தப் பாய்க்கான உரிமையை நிண்டெண்டோ வாங்கி, 'பவர் பேட்' என்ற பெயரில் தானே விற்க முடிவு செய்தது. எனவே பழைய பெயருள்ள ஆட்டம் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 200 பிரதிகளே விற்றிருந்தன என்று சேகரிப்பாளர்கள் கணிக்கின்றனர். பின்னர் அதே ஆட்டம் 'வேர்ல்டு கிளாஸ் டிராக் மீட்' என்ற பெயரில் பெருமளவில் வெளிவந்தது.

இன்று புதுப் பெயருள்ள கேட்ரிட்ஜ் சில டாலர்களுக்குக் கிடைக்கும். பழைய பெயருள்ளதோ பல்லாயிரம் டாலர் பெறும். 2010இல் பிரிக்கப்படாத ஸ்டேடியம் ஈவண்ட்ஸ் ஒன்று 41,300 டாலருக்கு இணைய ஏலத்தில் விற்றது. தலைப்புத் திரையும் வெளிச்சீட்டும் தவிர ஆட்டத்தில் சொல்லத்தக்க வேறுபாடு கிடையாது. ஆட்டமாகப் பார்த்தால் அது சிறப்பானதும் அன்று. அமெரிக்காவில் வெளியான என்.இ.எஸ். ஆட்டங்கள் அனைத்தையும் சேர்க்க விரும்புபவருக்கு இந்த ஒன்று இல்லாமல் வரிசை நிறையாது. அந்த ஒரு வெற்றிடத்தை நிரப்பவே அவர், மீதி வரிசையில் நூறு ஆட்டங்களுக்குத் தந்ததைவிட அதிகம் தருகிறார்.

கடையில் விற்கவே படாத ஆட்டங்களும் உண்டு. நிண்டெண்டோ 1990இல் அமெரிக்க நகரங்களில் ஓர் உலகப் போட்டி நடத்தியது. போட்டியாளர்கள் 6 நிமிடம் 21 விநாடிக்குள் மூன்று ஆட்டங்களின் பகுதிகளை விளையாட வேண்டும். அந்தச் சிறப்புக் கேட்ரிட்ஜில் 90 சாம்பல் நிறப் பிரதிகள் இறுதிச் சுற்றாளர்களுக்கும், 26 தங்க நிறப் பிரதிகள் இதழ்ப் போட்டி ஒன்றில் வென்றவர்களுக்கும் வழங்கப்பட்டன. எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்த பொருள் என்பதால், சீட்டு கிழிந்த பிரதிக்கும் இங்கு மதிப்பு உண்டு. பெட்டி முனையின் மழுக்கலுக்கு இலட்சங்கள் குறையும் உலகத்துக்கு இது நேர்மாறானது.

குப்பைமேட்டிலிருந்து ஏலத்துக்கு

கதைக்காக மட்டும் விலை பெற்ற ஆட்டங்களும் இருக்கின்றன. அட்டாரி நிறுவனம் 1982இல் 'ஈ.டி.' திரைப்படத்தை ஒட்டி அவசரமாக ஓர் ஆட்டம் வெளியிட்டுப் பெரும் நட்டமடைந்தது. விற்காத சரக்கை 1983இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் புதைத்தது. இது நெடுங்காலம் கட்டுக்கதை போலவே பேசப்பட்டது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது சுமார் 1,300 கேட்ரிட்ஜ்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் 881ஐ அலமோகோர்டோ நகர நிர்வாகம் சான்றிதழுடன் இணையத்தில் விற்று 1,07,000 டாலருக்கும் மேல் ஈட்டியது. ஒரு ஈ.டி. பிரதி 1,535 டாலர் பெற்றது. நல்ல நிலையில் உள்ள ஈ.டி. கேட்ரிட்ஜைச் சில டாலர்களுக்கு எவரும் வாங்கலாம்; நசுங்கி, மண் படிந்து, நாற்றமெடுத்த பிரதிக்குத்தான் அந்த விலை.

விளையாட வாங்குவோர்

மேற்கண்ட தொகைகளைத் தருவோர் சேகரிப்பாளர்களில் மிகச் சிறு பகுதியினர். பெரும்பாலோர் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, பழம்பொருள் கடைகளிலும் வீட்டு வாசல் விற்பனைகளிலும் தேடி, ஒன்றிரண்டு வெறும் கேட்ரிட்ஜ்கள் வாங்குபவர்கள். சிறு வயதில் விளையாடிய ஆட்டத்தை மீண்டும் விளையாடுவதே இவர்களின் நோக்கம். ஓர் ஆட்டக் கருவி சந்தையை விட்டுப்போன காலத்தில் விலை தரைமட்டத்தில் இருக்கும். அதில் விளையாடிய குழந்தைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கும்போது விலை ஏறும்.

'எர்த்பௌண்ட்' என்ற ஆட்டம் இவர்களின் சிக்கலைக் காட்டுகிறது. 1995இல் அமெரிக்காவில் பெரிய பெட்டியில், வழிகாட்டி நூலுடன் வெளியான இது அப்போது சரியாக விற்கவில்லை. பின்னர் அதன் நாயகன் வேறொரு புகழ்பெற்ற சண்டை ஆட்டத்தில் இடம்பெற்றதால் பலரும் இதைத் தேடினர். வெறும் கேட்ரிட்ஜே சில நூறு டாலர்களுக்குப் போகும். நிண்டெண்டோ 2013இல் இதை இணையம் வழியாகக் குறைந்த விலையில் மறுவெளியீடு செய்தும் பழைய கேட்ரிட்ஜின் விலை வீழவில்லை. இதே ஆட்டத்தின் ஜப்பானியப் பதிப்பு அங்கு நன்கு விற்றதால் மிக மலிவாகக் கிடைக்கிறது. எழுத்து குறைந்த ஆட்டங்களுக்கு ஜப்பானியப் பதிப்பை வாங்கிச் செலவைக் குறைப்போர் உண்டு. எர்த்பௌண்ட் உரையாடல் நிறைந்தது என்பதால் அந்த வழி எல்லாருக்கும் உதவாது.

மறுவெளியீடே காணாத ஆட்டங்கள் இதைவிட அதிகம். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது புதிதாக விற்பனையில் இல்லை. அவற்றைச் சட்டப்படி விளையாட விரும்புபவர் பழைய பிரதியை வாங்க வேண்டும், அல்லது அதை வைத்திருக்கும் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும். நூலகங்கள் இவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே அளிக்க விதிவிலக்குக் கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. இலட்சங்களில் விற்ற மாரியோவும் செல்டாவும் இந்த 87 விழுக்காட்டில் சேராதவை. நிண்டெண்டோவின் சந்தா சேவையில் அவற்றை இன்றும் விளையாடலாம். விலை உயர்வு உண்மையில் வலிப்பது பெயர் தெரியாத ஆட்டங்களைத் தேடும் மாணவருக்கும் ஆய்வாளருக்கும்தான்.

போலிகள்

விலை ஏறிய பொருளுக்குப் போலி தோன்றுவது இயல்பு. வெறும் கேட்ரிட்ஜில் வெளிச்சீட்டை அச்சிட்டு ஒட்டி, உள்ளே புதிய சுற்றுப்பலகை வைத்து விற்கின்றனர். ஐயம் ஏற்பட்டால் கூட்டைத் திறந்து பலகையில் தயாரிப்பாளரின் அடையாளம் அச்சாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். நிண்டெண்டோ கேட்ரிட்ஜ்களின் திருகாணிக்குச் சாதாரண திருப்புளி பொருந்தாது, 3.8 மி.மீ. அளவுள்ள தனி முனை தேவை. பிரிக்கப்படாத பெட்டிகளில் ஏமாற்று வேறுவிதம். பழைய பெட்டியை மீண்டும் நெகிழித்தாளால் சுற்றிப் புதியதென விற்பார்கள். நிண்டெண்டோ தானே வெளியிட்ட என்.இ.எஸ். ஆட்டங்களின் உறையில் பின்புறம் குறுக்காக ஒரு மடிப்புக் கோடு இருக்கும். அது இல்லாவிட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். 2022இல், விலையுயர்ந்த தொடக்காலக் கணினி ஆட்டங்கள் பல போலியானவை என்று சேகரிப்பாளர் குழு ஒன்று அறிவித்தது. அவை சேகரிப்பாளர்களிடையே கைமாறியவை.

பேட்டரி

செல்டா ஆட்டத்தின் தங்க நிறக் கேட்ரிட்ஜுக்குள் நாணய வடிவப் பேட்டரி ஒன்று உண்டு. விளையாடுபவரின் முன்னேற்றத்தைச் சேமித்து வைப்பது அதுவே. பல பத்தாண்டுகள் போனால் அது தீர்ந்துவிடும். பயன்படுத்திய கேட்ரிட்ஜாக இருந்தால் பழைய பேட்டரியைப் பற்றவைப்புக் கோலால் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். சிறு பழுதுகடையில் முடியும் வேலைதான். ஆனால் பிரிக்கப்படாத பிரதியின் பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழியில்லை. திறந்தால் உறை போய்விடும். உறை போனால் விலையும் போய்விடும்.